வீடியோ கேம் விருதுகளை இன்னும் மதிக்கலாமா?

2023 டிசம்பரில் ஐந்து நாள் இடைவெளியில் இரண்டு விஷயங்கள் நடந்தன. 7ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸில் ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழா. அதன் நேரலை உலகம் முழுக்க 11.8 கோடி முறை ஓடியதாக விழாக்காரர்கள் கணக்குச் சொன்னார்கள். 12ஆம் தேதி, அதே ஊரோடு பேர் சேர்ந்துபோன ‘ஈ3’ கண்காட்சி இனிமேல் நடக்காது என்று அறிவிப்பு வந்தது. 1995இல் தொடங்கியது. ஒரு காலத்தில் கேம் உலகத்துக்கே திருவிழா.

ஒன்று உச்சத்தில் நிற்கிறது, இன்னொன்றுக்கு மூடுவிழா. ஆனால் கேம் விளையாடுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இரண்டைப் பற்றியும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்: “எல்லாம் விளம்பரம்தானே, இதையெல்லாம் யாருங்க மதிக்கிறா?”

இந்தக் கேள்வியைக் கொஞ்ச நாளாகக் குடைந்துகொண்டிருக்கிறேன். மொத்தமாக ‘மதிக்கலாம்’ என்றோ ‘கூடாது’ என்றோ சொல்வதில் அர்த்தமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. விருதும் மாநாடும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு இயந்திரம். உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்க்க நான் மூன்று கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? காசு எங்கிருந்து வருகிறது? விழா முடிந்த மறுநாள் என்ன மிஞ்சுகிறது?

ஈ3: வாசலுக்குக் கிடைத்த மரியாதை

முதலில் செத்துப்போனதைப் பார்ப்போம். ஈ3 விருது விழா அல்ல, வியாபாரக் கண்காட்சி. கடைகளுக்குச் சரக்கு எடுப்பவர்களும் பத்திரிகைக்காரர்களும் வருவார்கள், கம்பெனிகள் புதுச் சரக்கைக் காட்டும். 1995 மே மாதம் நடந்த முதல் ஈ3யில், செகா நிறுவனம் தன் ‘சாட்டர்ன்’ கருவி 399 டாலர், இன்றே கடைகளில் கிடைக்கும் என்று அறிவித்தது. பிறகு சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடை ஏறினார். “299” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். பிளேஸ்டேஷனின் விலை அது. இன்றுவரை அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள்.

அன்றைக்கு ஒரு கம்பெனி சொல்வது வாசகனை வந்து சேர, நடுவில் பத்திரிகை வேண்டியிருந்தது. அந்தப் பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்த இடம் ஈ3. மரியாதை கிடைத்தது அந்த வாசலுக்குத்தான். 2011இல் நின்டெண்டோ ‘நின்டெண்டோ டைரக்ட்’ என்று தன் அறிவிப்புகளைத் தானே வீடியோவாக வெளியிட ஆரம்பித்தது. 2013இல் ஈ3யில் வழக்கமாக நடத்திய பெரிய மேடைக் கூட்டத்தை நிறுத்திவிட்டது. 2016இல் இ.ஏ. நிறுவனம் கண்காட்சி அரங்கைவிட்டுத் தனியாக விழா நடத்தியது. 2019இல் சோனி வரவே இல்லை. அதே 2019இல், பதிவு செய்த 2,000க்கும் மேற்பட்ட பத்திரிகையாளர்கள், படைப்பாளர்களின் முகவரியும் தொலைபேசி எண்ணும் ஈ3யின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கிற மாதிரி கிடந்தது தெரியவந்தது. அப்புறம் கொரோனா. 2020இல் ரத்து, 2021இல் இணையத்தில் மட்டும், 2022இலும் 2023இலும் மறுபடி ரத்து.

சுவரை இடித்தபிறகு வாசலை யார் தேடுவார்கள்? கம்பெனிகளுக்கு நேர்வழி கிடைத்ததும் ஈ3க்கு வேறு வேலை இல்லாமல் போனது. மூன்றாவது கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ஈ3 முடிந்த மறுநாளும் மிஞ்சியது டிரெய்லர்கள்தான். அதை யூடியூப்பே செய்துவிடும்.

தி கேம் அவார்ட்ஸ்: ஓட்டுப் பெட்டியில் என்ன இருக்கிறது

இப்போது வாழ்ந்துகொண்டிருப்பதற்கு வருவோம். கனடாக்காரரான ஜெஃப் கீலி கேம் பத்திரிகையாளராக இருந்தவர். அமெரிக்காவின் ‘ஸ்பைக்’ தொலைக்காட்சி 2003 முதல் 2013 வரை நடத்திய கேம் விருது விழாக்களில் வேலை பார்த்திருக்கிறார். அதில் சலித்துப்போய், சொந்தப் பணத்தையும் போட்டு 2014இல் தி கேம் அவார்ட்ஸை ஆரம்பித்தார். முதல் வருடம் சுமார் 19 லட்சம் பார்வைகள். 2024இல் 15.4 கோடி. இந்த எண் ஆட்களின் எண்ணிக்கை அல்ல, நேரலை ஓடிய எண்ணிக்கை. ஒருவரே போனிலும் டிவியிலும் பார்த்தால் இரண்டு கணக்கு. ஆஸ்கரோடு ஒப்பிட்டு வரும் செய்திகளைப் படிக்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? பெரும்பாலான பிரிவுகளில், பல நாடுகளைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஊடக நிறுவனங்கள் கொண்ட நடுவர் குழுவுக்கு 90 சதவீத மதிப்பு, பொதுமக்கள் ஓட்டுக்கு 10 சதவீதம். சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ எல்லாம் இருக்கும் ஆலோசனைக் குழு ஒன்று உண்டு. ஆனால் அந்தக் குழு ஓட்டுப் போடுவதில்லை. “காசு கொடுத்து வாங்கிட்டான்” என்று வருஷா வருஷம் சொல்கிறார்களே, அதற்கு நான் தேடியவரை ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. முடிவுகளைப் பார்த்தாலும் அப்படித் தெரியவில்லை. 2023இல் பெல்ஜியத்தின் லேரியன் தானே தயாரித்துத் தானே வெளியிட்ட ‘பால்டர்ஸ் கேட் 3’ ஆண்டின் சிறந்த கேம் ஆனது. 2025இல் பிரான்ஸைச் சேர்ந்த ஒரு புதுக் குழுவின் முதல் படைப்பான ‘கிளேர் அப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33’ ஒன்பது விருதுகளை அள்ளியது. அந்த விழாவின் வரலாற்றில் அதுவே அதிகம்.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. 2024இல் மட்டும் ஸ்டீம் கடையில் 18,000க்கும் மேற்பட்ட கேம்கள் வெளியாகின. எந்த நடுவராலும் இதில் நூறில் ஒரு பங்கைக்கூட விளையாட முடியாது. ஊடகத்தில் ஏற்கெனவே பேசப்பட்டதுதான் பட்டியலுக்கு வரும். பிரிவுகளின் எல்லையும் வழவழ கொழகொழதான். 2023இல் ‘சிறந்த சுயாதீன கேம்’ பட்டியலில் ‘டேவ் தி டைவர்’ இடம்பெற்றது. பார்க்க எளிய பிக்ஸல் ஓவியம், ஆனால் பின்னால் இருப்பது தென்கொரியாவின் பெரிய கம்பெனியான நெக்ஸான். எது சுயாதீனம் என்பதை நடுவர்களே முடிவு செய்யட்டும் என்று கீலி விட்டுவிட்டார். ஆக, ஓட்டு நேர்மையாக விழுந்தாலும் தேர்வுக்கு வரும் வட்டம் சின்னது. அதை ஊழல் என்று சொல்ல மாட்டேன். குறைபாடு என்று சொல்வேன்.

காசும் நிமிடமும்

இரண்டாவது கேள்வியில்தான் விழா தடுமாறுகிறது. அது டிரெய்லர்களால் நடக்கிறது. கீலி ஜூன் மாதத்தில் நடத்தும் ‘சம்மர் கேம் ஃபெஸ்ட்’டில் ஒரு நிமிட டிரெய்லருக்கு 2,50,000 டாலர், இரண்டரை நிமிடத்துக்கு 5,50,000 டாலர் என்று 2024இல் எஸ்கொயர் பத்திரிகை எழுதியது. சில இடங்கள் இலவசமாகவும் தரப்படுகின்றன. டிசம்பர் விழாவின் பிழைப்பும் இதே வழியில்தான். நிமிடத்துக்கு இப்படி ஒரு விலை வந்துவிட்டால், நன்றி சொல்ல நிற்கும் மனிதரின் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டக் கணக்கில் சேர்ந்துவிடும்.

2023இல் அது கண்ணெதிரே நடந்தது. நம்மூரில் அது வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும் நேரம். பால்டர்ஸ் கேட் 3க்காக லேரியனின் தலைவர் ஸ்வென் வின்கே கவசம் அணிந்து மேடைக்கு வந்தார். சில வாரங்களுக்கு முன் இறந்துபோன தன் அனிமேஷன் தலைவர் ஜிம் சவுத்வொர்த்தை நினைவுகூர்ந்து அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, எதிரே இருந்த திரையில் ‘முடித்துக்கொள்ளுங்கள்’ என்று எழுத்து வந்தது. மற்ற வெற்றியாளர்களுக்கும் அரை நிமிடம் தாண்டியதும் இசை ஒலித்தது. பல விருதுகளுக்கு மேடையே இல்லை, பெயர்களை வரிசையாக வாசித்துவிட்டு அடுத்த டிரெய்லருக்குப் போய்விட்டார்கள். இசை அவசரப்பட்டது உண்மைதான் என்று கீலியே பின்னர் ஒத்துக்கொண்டார். 2024இல் பேச நேரம் கூட்டினார்கள். திட்டினால் மாறுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்தானே.

கோப்பை வேலையைக் காப்பாற்றுமா?

2023, 2024 இரண்டு வருடங்களும் இந்தத் துறையில் ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பிய வருடங்கள். 2023 மேடையில் அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. 2024இல் கீலி அதைத் தொட்டுப் பேசினார். வேலை இழந்தவர்களுக்காகக் காலியிடங்களைத் தேடித் தொகுத்துக் கொடுத்துவந்த அமீர் சத்வத்துக்கு ஒரு சிறப்பு விருதும் கொடுத்தார். அதே மேடையில் ஸ்வென் வின்கே, பணியாளர்களைக் கணக்கு அட்டவணையின் எண்களாக நடத்தாத குழுக்களே நல்ல கேம் செய்கின்றன என்ற பொருளில் பேசியது பலரையும் தொட்டது.

ஆனால் கோப்பையால் ஒரு வேலையையாவது காப்பாற்ற முடிகிறதா? ஜப்பானின் டேங்கோ கேம்வொர்க்ஸ் கதையைப் பாருங்கள். ‘ஹை-ஃபை ரஷ்’ அவர்கள் செய்த கேம். பாட்டின் தாளத்தோடு சேர்ந்து அடிதடி நடக்கும், பார்க்கவே உற்சாகமாக இருக்கும். 2023 தி கேம் அவார்ட்ஸில் சிறந்த ஒலி வடிவமைப்பு. 2024 ஏப்ரலில் பிரிட்டனின் பாஃப்டாவில் சிறந்த அனிமேஷன். மே 7 அன்று மைக்ரோசாஃப்ட் அந்த ஸ்டூடியோவை மூடுவதாக அறிவித்தது. பாஃப்டா வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மறுநாள் நடந்த உள்கூட்டத்தில் எக்ஸ்பாக்ஸ் ஸ்டூடியோக்களின் தலைவர் மேட் பூட்டி, நமக்குப் பெருமையும் விருதும் வாங்கித் தரும் சின்ன கேம்கள் வேண்டும் என்று பேசியதாக ‘தி வெர்ஜ்’ செய்தி வெளியிட்டது. படித்துவிட்டு எனக்கு வாயடைத்துப் போனது. கையில் இருந்ததை மூடிவிட்டு அதையே கேட்கிறார்! அந்த ஆகஸ்டில் தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் டேங்கோவை எடுத்துக்கொண்டதால் குழு தப்பித்தது.

இந்தக் கதையை வைத்து ‘விருது வேஸ்ட்’ என்று முடிப்பது சுலபம். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். மூடியது கம்பெனி, விருது அல்ல. ஆனால் விருது விழா கம்பெனிகளின் காசில் நடக்கும்வரை, அதே கம்பெனிகளைப் பார்த்து மேடையில் நின்று கேள்வி கேட்க அதனால் முடியாது. விருது நல்ல கேமை அடையாளம் காட்டும். அந்தக் கேமைச் செய்தவர்களுக்குக் காவல் நிற்காது. அந்த வேலையை அதனிடம் எதிர்பார்க்கவும் கூடாது.

ஜி.டி.சி.: மறுநாள் மிஞ்சுவது

மாநாடுகளில் நான் இன்னும் மதிப்பது ஜி.டி.சி., அதாவது கேம் உருவாக்குபவர்களின் மாநாடு. 1988இல் கிறிஸ் கிராஃபோர்ட் என்ற வடிவமைப்பாளர் சான் ஹோசேயில் தன் வீட்டுக்குச் சுமார் 27 பேரைக் கூப்பிட்டுப் பேச வைத்ததில் ஆரம்பித்தது. 2025இல் சான் ஃப்ரான்சிஸ்கோவில் சுமார் 30,000 பேர் கூடினார்கள்.

இங்கே மூன்றாவது கேள்விக்கு நல்ல பதில் இருக்கிறது. 2017இல் நின்டெண்டோ குழு வந்து ‘செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்’ எப்படி உருவானது என்று விளக்கியது. அவ்வளவு பெரிய முப்பரிமாண உலகத்தை, முதலில் பழைய செல்டா மாதிரி ஒரு தட்டையான இருபரிமாண மாதிரியில் செய்து பார்த்திருக்கிறார்கள். நெருப்பு, காற்று, தண்ணீர் எல்லாம் பொருள்களோடு எப்படி வினைபுரியும் என்ற விதிகளுக்கு ‘வேதியியல் எஞ்சின்’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். மரத்தில் நெருப்புப் பட்டால் எரியும், தண்ணீர் பட்டால் அணையும். விதி கொஞ்சம்தான், ஆனால் விளையாடுபவர் கண்டுபிடிக்கும் வழிகளுக்கு முடிவில்லை. அந்தப் பேச்சின் பதிவு இன்றும் இணையத்தில் கிடக்கிறது. மதுரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு கல்லூரி மாணவர் காசில்லாமல் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். இப்படி நூற்றுக்கணக்கான பேச்சுகள் இருக்கின்றன.

மேடைக்கு வெளியேயும் நடக்கிறது. 2018 ஜி.டி.சி.யில் தொழிற்சங்கம் பற்றிய ஒரு வட்டமேசைக் கூட்டத்தைச் சுற்றித்தான் ‘கேம் ஒர்க்கர்ஸ் யுனைட்’ அமைப்பு உருவானது. 2025 மாநாட்டின்போது அமெரிக்க, கனடா பணியாளர்களுக்காக ஒரு தொழிற்சங்கமே அறிவிக்கப்பட்டது. முந்தைய ஒரு வருடத்தில் பத்தில் ஒருவர் வேலை இழந்தார் என்ற எண்ணும், ஜி.டி.சி. வருடந்தோறும் எடுக்கும் கணக்கெடுப்பிலிருந்து 2025இல் வந்ததுதான்.

குறை இல்லையா? நிறையவே இருக்கிறது. முழு அனுமதிச் சீட்டின் விலை பல வருடங்களாக 2,000 டாலரைத் தாண்டியே இருந்திருக்கிறது. அந்த வாரத்தில் சான் ஃப்ரான்சிஸ்கோ ஹோட்டல் வாடகையைக் கேட்டால் தலை சுற்றும். அமெரிக்க விசா வேறு. நம் நாட்டுச் சின்னக் குழுக்களுக்கு அது எட்டாக்கனி. இந்தியாவில், ஹைதராபாத்தில் பல வருடங்கள் நடந்த ஐ.ஜி.டி.சி. மாதிரியான மாநாடுகளுக்கு அதனால்தான் தேவை இருக்கிறது. அறிவு பொதுவில் கிடைக்கிறது, ஆனால் முதலீட்டாளரையும் வெளியீட்டாளரையும் நேரில் பிடிக்கும் வாய்ப்பு சீட்டு வாங்கியவருக்கு மட்டும்தான்.

வெண்பா என்ன சொல்கிறது

இப்போது நமக்கு நெருக்கமான ஒரு கதை. டொரண்டோவின் விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு 2023 ஜூலையில் ‘வெண்பா’ என்ற கேமை வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்த் தம்பதி, அங்கே வளரும் மகன் கவின். அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் அழிந்தும் கிழிந்தும் கிடக்கிறது. விடுபட்டதை ஊகித்து நாம் இட்லி அவிக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். துப்பாக்கி இல்லை, மதிப்பெண் இல்லை.

2023 தி கேம் அவார்ட்ஸில் இரண்டு பிரிவுகளில் பரிந்துரை கிடைத்தது, விருது கிடைக்கவில்லை. அடுத்த மார்ச்சில் ஜி.டி.சி.யோடு சேர்ந்து நடக்கும் ஐ.ஜி.எஃப். சுயாதீன கேம் விழாவில் முதல் பரிசான சியூமஸ் மெக்னாலி பரிசு வெண்பாவுக்குத்தான். ஏப்ரலில் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருது.

ஒரே கேம்தான். ஒரு மேடையில் பட்டியலோடு நின்றது, இன்னொரு மேடையில் முதல் பரிசு. தி கேம் அவார்ட்ஸ் ஊடகங்களின் பொதுக்கருத்தைக் கூட்டிப் பார்க்கிறது, அதில் எல்லாருக்கும் தெரிந்தது மேலே மிதக்கும். ஐ.ஜி.எஃப். சின்ன கேம்களுக்கென்றே நடுவர்களை வைத்திருக்கிறது, அனுப்பப்பட்டதை விளையாடிப் பார்ப்பதே அவர்கள் வேலை. இதே விழா 2011இல் ‘மைன்கிராஃப்ட்’டுக்கும், 2014இல் ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’க்கும் முதல் பரிசு கொடுத்தது. 2015இல் ‘அவுட்டர் வைல்ட்ஸ்’க்குக் கொடுத்தபோது அது முடிக்கப்படாத கேம், ஒரு மாணவரின் ஆய்வுப் படைப்பாகப் பிறந்தது. 2019இல்தான் முழுதாக வெளிவந்தது, 2020இல் பாஃப்டாவின் சிறந்த கேம் ஆனது. ஐந்து வருடத்துக்கு முன்பே ஒரு நடுவர் குழு அதை அடையாளம் கண்டிருக்கிறது! விருது என்றால் இதைத்தான் செய்ய வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஏற்கெனவே ஜெயித்ததற்கு மாலை போட ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

அப்போ, எதை மதிப்பது?

என் பட்டியல் இப்படி. ஐ.ஜி.எஃப். மாதிரி, தேடிப் போய் விளையாடும் நடுவர்களின் விருதுக்கு முழு மரியாதை. அந்தந்தத் தொழில்காரர்களே ஓட்டுப் போடும் ‘டைஸ்’ விருதுகளுக்கும், உறுப்பினர்களும் நடுவர்களும் சேர்ந்து முடிவெடுக்கும் பாஃப்டாவுக்கும் நல்ல மரியாதை. ஓர் அனிமேட்டரின் வேலை எவ்வளவு கஷ்டம் என்று இன்னொரு அனிமேட்டருக்குத்தான் தெரியும். தி கேம் அவார்ட்ஸின் முடிவுகளை மதிப்பேன், நிகழ்ச்சியை விளம்பரமாகவே பார்ப்பேன். ஜி.டி.சி.யின் பேச்சுகளுக்கு மரியாதை உண்டு, கண்காட்சி அரங்குக்கு இல்லை.

பெரிய விருதா சின்ன விருதா என்பதைவிட, தன் விதியைத் தானே மதிக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். 2025 டிசம்பரில் ‘இண்டீ கேம் அவார்ட்ஸ்’ என்ற சின்ன அமைப்பு, எக்ஸ்பெடிஷன் 33க்குக் கொடுத்த ஆண்டின் சிறந்த கேம் விருதை இரண்டே நாளில் திரும்பப் பெற்றது. ஜெனரேட்டிவ் ஏ.ஐ. பயன்படுத்தியிருக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. அந்த விதி ரொம்பக் கடுமை என்று வாதிடலாம், பலர் வாதிட்டார்கள். ஆனால் அந்த வருடத்தின் மிகப் பிரபலமான கேமிடமே அதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். டிரெய்லர் விற்றுப் பிழைக்கும் மேடையால் அதைச் செய்ய முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்த டிசம்பரில் காலையில் எழுந்து விழா பார்ப்பவர்கள் தாராளமாகப் பாருங்கள், நானும் பார்ப்பேன். கூடவே ஒரு வேலை செய்யுங்கள். ஆண்டின் சிறந்த கேம் எது என்பது எப்படியும் உங்களைத் தேடி வந்துவிடும். ஐ.ஜி.எஃப். இறுதிப் பட்டியல் வரும்போது, பேர்கூடக் கேள்விப்படாத ஒன்றை அதிலிருந்து எடுத்து ஒரு மணி நேரம் விளையாடிப் பாருங்கள். பிடித்திருந்தால் நாலு பேரிடம் சொல்லுங்கள். வெண்பா மாதிரி ஒரு கேமைச் செய்த குழு அடுத்ததைச் செய்யுமா இல்லையா என்பது கோப்பையைவிட அந்த நாலு பேரிடம்தான் அதிகமாக இருக்கிறது.